பனிக்கால மலையேற்றம் என்று சொல்லி 9,600 வெள்ளியை வாங்கியவர் வழிகாட்டியையே அனுப்பவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையில் கல்லி ஏறக் கற்றுக்கொள்வதற்காக, முகநூல் வழியாகப் பயணங்களை விற்கும் ஒருவரிடம் நானும் என் சித்தப்பா மகனும் 9,600 வெள்ளி கட்டினோம். ஒரு நாள்கூட வழிகாட்டியின் முகத்தைப் பார்க்காமல் ஊர் திரும்பி இன்றோடு பதினோரு நாளாகிறது. விமானச் சீட்டுக்குக் கொடுத்த பணம் தனி. பாறைகளுக்கு நடுவே உச்சி முதல் அடிவாரம் வரை கீறியது போல் இறங்கும் பிளவைத்தான் கல்லி என்கிறார்கள். குளிர்காலத்தில் அது பனியால் நிரம்பிவிடும்.

அவரை ஏன் நம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரயில் நிலையத்துக்குப் பக்கத்து உணவுக்கடைக்கு அவர் நேரில் வந்தார். தம் பாட்டி எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்றார். என் அப்பாவின் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு பனிக்கோடரியை எடுத்து மேசைமேல் வைத்து, பிடித்துப் பாருங்கள் என்றார். "அண்ணே, பிப்ரவரியில் நான்காம் எண் கல்லி கல்லாக இறுகிக் கிடக்கும், அதற்கு நான் பொறுப்பு" என்று அவர் சொன்னபோது, 2,183 மீட்டர் கொர்பு மலையை இருமுறை ஏறியிருந்தும் பனியைக் கண்ணால் கண்டிராத எனக்கு, அந்தப் பொறுப்பு என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. அன்றிரவே 9,600 வெள்ளியையும் அவர் தந்த கணக்கில் செலுத்திவிட்டேன்.

அப்படியொரு பொறுப்பை எவராலும் ஏற்க முடியாது என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மாதத்தைப் பார்த்துப் பனி இறுகுவதில்லை. உருகி, உறைந்து, மீண்டும் உருகி, மீண்டும் உறைந்தால்தான் கோடரியும் காலணி முட்களும் பிடிக்கும் அளவுக்குக் கெட்டிப்படும். அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்தால் பிப்ரவரியிலும் 1,345 மீட்டர் உச்சிவரை மழைதான். தென்மேற்குக் காற்று வாரிக்கொண்டுவரும் பனி, வடகிழக்கைப் பார்த்த சரிவுகளில் பலகைபோல் படிந்து, அடியிலுள்ள அடுக்கோடு ஒட்டாமல் கிடக்கும். உச்சி விளிம்பில் கூரையின் இறவாரம் போல் நீண்டு தொங்கும் பனி, வெதுவெதுப்பில் உடைந்தால் நேராகக் கல்லிக்குள்தான் விழும். உள்ளே ஏறிக்கொண்டிருப்பவர் ஒதுங்குவதற்கு இடமே கிடையாது.

நாங்கள் போன நாளில் இவை அத்தனையும் சேர்ந்திருந்தன. மழையில் நனைந்தபடி வாகன நிறுத்துமிடத்தில் காத்திருந்த எங்களுக்குப் புலனத்தில் ஒரே ஒரு செய்தி வந்தது: வழிகாட்டிக்கு உடல்நலமில்லை, தடம் தெளிவாக இருக்கும், நீங்களே ஏறுங்கள். அந்த அறியாமையில் வடமுகத்தின் அடியிலுள்ள கல்வீடு வரை இரண்டு மணி நேரம் நடந்தும்விட்டோம். மேலிருந்து இறங்கிவந்த ஒரு பெண்மணி எங்களை நிறுத்தி, அன்றைய பனிச்சரிவு அறிவிப்பைத் தம் கைப்பேசியில் காட்டினார். வடகிழக்குச் சரிவுகள் முழுவதும் சிவப்பாக இருந்தன; ஐந்து நிலைகளில் அது நான்காவது. உங்களை யார் இங்கே அனுப்பினார்கள் என்று அவர் கேட்டார். என் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் சித்தியிடம் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

திரும்பியதும் அவரை அழைத்தேன். வானிலைக்கு நாங்களா பொறுப்பு என்றார். அதே வாய்தான் பொறுப்பு என்று சொன்னது. மறுநாள் கணக்காளரிடம் கேட்கச் சொன்னார், அதற்கடுத்த நாள் ஈப்போ அலுவலகத்துக்கு வரச் சொன்னார். அந்த முகவரிக்குப் போனேன், இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. ஐந்தாம் நாள் என் எண்ணையே தடுத்துவிட்டார். 9,600 வெள்ளியில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. பணம் கட்டுமுன் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சோதியுங்கள். வழிகாட்டியின் பெயரை வாங்கி அவரிடம் நேரடியாகப் பேசுங்கள். ஸ்காட்லாந்தின் பனிச்சரிவு அறிவிப்பு குளிர்காலத்தில் நாள்தோறும் இலவசமாகவே வெளியாகிறது, அதைப் படியுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணை அழையுங்கள். நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுச் செய்கிறேன். 50,000 வெள்ளிவரை அங்கே கோரலாம்.

நேற்று முகநூலில் மீண்டும் விளம்பரம் போட்டு மார்ச்சுப் பயணத்துக்கு அவர் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். முன்பணம் கட்டியவர்கள் இன்றே உங்கள் வங்கியை அழையுங்கள்.