தேன் பாட்டிலுக்கும் எனக்கும் ஏழு நாள் கெடு

பதினெட்டு முதல் முப்பது வயது வரை உள்ளவர்களுக்காக ஒரு தேரவாத (பௌத்தத்தின் பழைய மரபுகளில் ஒன்று) வனமடம் நடத்திய தியானத் தங்கலுக்குப் போய் வந்தேன். மொத்தம் ஏழு இரவு. எனக்கு வயது இருபத்தாறு. பௌத்தம் பற்றி அதுவரை தெரிந்ததெல்லாம் போனில் பார்த்த அரை நிமிட வீடியோக்கள்தான். அமைதி தேடிப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், முதல் மூன்று நாளும் எனக்குக் கிடைத்தது முழங்கால் வலி.

கட்டணம் கிடையாது. கிளம்பும்போது விருப்பப்பட்டால் உண்டியலில் போடலாம், போடாவிட்டால் யாரும் கேட்பதில்லை. போன உடனே எட்டு சீலங்களை, அதாவது ஒழுக்க விதிகளை, ஏற்க வேண்டும். கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை எல்லாம் ஒரு வாரத்துக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நண்பகலுக்குப் பிறகு சாப்பிடக்கூடாது என்கிற ஆறாவதுதான் ஆளைக் காட்டிக்கொடுத்தது. மணி இரண்டுக்கு உண்மையில் எனக்குப் பசியே இல்லை. ஏதாவது கொறிக்க வேண்டும் என்று கைதான் துடித்தது. போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள், அந்தக் கைக்கு வேறு வேலையும் இல்லை.

விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பாலி மொழியில் ஓதுவார்கள், அப்புறம் மூச்சைக் கவனிக்கும் தியானம். உட்காருவதும் நடப்பதும் மாறி மாறி வரும். உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன் என்று புலம்பினேன். தியானத்துக்குத் தடையாகச் சொல்லப்படும் ஐந்தில் சோம்பலும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து ஒன்று என்றார் ஒரு பிக்கு. என் கோளாறுக்கு இத்தனை காலமாகப் பெயர் இருக்கிறது என்பதில் ஒரு அற்ப சந்தோஷம்.

என்னைச் சமையலறைக்குப் போட்டார்கள். அங்கேதான் நான் அதிகம் கற்றேன். தண்ணீர் தவிர எதையும் ஒருவர் கையில் கொடுக்காமல் பிக்கு சாப்பிடக்கூடாது. இது தெரியாமல் முதல் நாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பிக்கு பேசாமல் நின்றார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்து, “கையில கொடுங்க” என்றார். பசித்த மனிதர், எட்டும் தூரத்தில் சாப்பாடு, ஆனாலும் யாராவது கொடுக்கும்வரை நிற்கிறார். அவர்களுக்கு இருக்கும் 227 விதிகளும் எதற்கு என்று அந்த ஒரு நிமிடத்தில் கொஞ்சம் பிடிபட்டது.

தேனுக்குத் தனிச் சட்டம். நெய், வெண்ணெய், எண்ணெய், சர்க்கரை போல அதுவும் மருந்துக் கணக்கு. பெற்றுக்கொண்ட பிக்கு ஏழு நாள் வைத்திருக்கலாம். நான் வந்த அன்றே ஒரு பிக்குவுக்கு ஒரு பாட்டில் கொடுக்கப்பட்டது. அதில் தேதிச் சீட்டு ஒட்டியது நான்தான். மாலையில் பால் இல்லாத தேநீரில் அதிலிருந்து ஒரு கரண்டி விழும்.

குறைகளும் உண்டு. முன்கூட்டி வந்த மின்னஞ்சலில் தரையில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கும் என்று ஒரு வரி இல்லை. கேட்டதும் நாற்காலி கொடுத்தார்கள், ஆனால் கேட்கலாம் என்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரவில் தன்னார்வலர்கள் நடத்திய ‘பகிர்வு வட்டம்’ இழுவை. நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவர்களை உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். குறட்டை விடும் அறைத்தோழருக்கு மடம் பொறுப்பில்லைதான், இருந்தாலும் காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள்.

மூத்த பிக்குவோடு கேள்வி நேரம் மட்டும் இன்னும் நீளாதா என்றிருந்தது. “பந்தே (பிக்குவை மரியாதையாக அழைக்கும் சொல்), மறுபிறப்பை நம்பினால்தான் இங்கே இடமா?” என்று கேட்டேன். மரபில் இருக்கிறது, குரு சொன்னார் என்பதற்காக ஏற்க வேண்டாம் என்று புத்தர் காலாமர்கள் என்ற மக்களுக்குச் சொன்னதை எடுத்துச் சொன்னார். நான் உடனே தலையாட்டினேன். “மீதியையும் கேளுங்கள். மனதுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காகவும் ஏற்க வேண்டாம் என்கிறார். செய்து பாருங்கள், தீங்கு விளைகிறதா என்று பாருங்கள், அறிந்தவர்கள் எதைப் பழிக்கிறார்கள் என்றும் பாருங்கள்.” நான் பார்த்த வீடியோ முதல் பாதியோடு முடிந்திருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். வேலையில் களைத்துப்போய் ஓய்வு தேடுகிறவர்கள் முதலில் நாலு நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போவது நல்லது.

எட்டாம் நாள் காலை பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தேன் பாட்டில் சமையலறைக்குத் திரும்பி வந்திருந்தது, கால் பங்கு மிச்சத்தோடு. என் கையெழுத்தில் இருந்த தேதியைக் காட்டி, “விடிந்துவிட்டது, இனி இது எங்களுக்கு ஆகாது” என்று சிரித்தார் அதைப் பெற்றிருந்த பிக்கு. அன்று நான் நண்பகலுக்கு முன்பே அதைக் காலி செய்துவிட்டேன்.