காற்றழுத்தச் சோதனைப் பெட்டி, 849 ரூபாய்: வாங்கலாமா?

பாலக்கோடு பக்கம் கிணற்று மோட்டார், போர் மோட்டார் வேலை பார்க்கிறேன். தொழிலுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. மகள் ஏழாவது படிக்கிறாள், மகன் மூன்றாவது. அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகள் கையில் போன் இல்லாமல் ஏதாவது இருக்கட்டும் என்று ஆன்லைனில் இந்தப் பெட்டியை வாங்கினேன். காற்றழுத்தம் பற்றி 12 சோதனை செய்யலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. இதே சாமான்களை நாலைந்து பேர் வேறு வேறு அட்டையில் போட்டு விற்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் நான் சொல்வது பொருந்தும்.

உள்ளே இருந்தது: கையால் அடிக்கும் சின்ன பம்பு, அதில் மாட்டுகிற பிளாஸ்டிக் குடுவை, ஊசி இல்லாத 60 மில்லி சிரிஞ்சு, சுவரில் அமுக்கி ஒட்டுகிற ரப்பர் கப் ஒரு ஜோடி, பலூன், மெழுகுவர்த்தி, கண்ணாடி டம்ளர், ஸ்ட்ரா, தமிழில் ஒரு கையேடு.

குடுவைதான் இந்தப் பெட்டியின் உயிர். பலூனை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஊதி முடிச்சுப் போட்டு உள்ளே வைத்து மூடினோம். மகன் பம்பை அடித்தான். பத்துப் பதினைந்து அடியில் பலூன் மெல்லப் பெருத்து மாம்பழம் அளவுக்கு வந்துவிட்டது.

"அப்பா, யாருமே ஊதலியே, எப்படிப் பெருசாவுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்: "சுத்தி இருந்த காத்த நாமதான எடுத்துட்டோம். வெளியில இருந்து அமுக்க ஆளு இல்ல. அதான் உள்ள இருக்கிற காத்து விரியுது."

வால்வைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய் பலூன் பழையபடி சுருங்கியது. அன்றைக்கு மட்டும் இருபது தடவையாவது செய்திருப்பார்கள். இந்த ஒன்றை வீட்டுச் சாமானை வைத்துச் செய்வது கஷ்டம். பெட்டிக்குக் கொடுத்த காசில் பாதி இதற்கே தகும்.

சிரிஞ்சும் நல்ல சரக்கு. ரப்பர் இறுக்கமாக இருக்கிறது, காற்று விடவில்லை. ஆனால் இதற்காகப் பெட்டி வாங்க வேண்டாம், மருந்துக்கடையிலேயே கிடைக்கும். இதில் நான் செய்து காட்டியது கையேட்டில் இல்லாத ஒன்று. அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய வெந்நீரைப் பத்து மில்லி உறிஞ்சி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்றி, முனையை மூடியால் அடைத்துவிட்டுத் தண்டைப் பின்னால் இழுத்தேன். ஆறிக்கொண்டிருந்த தண்ணீர் குபுகுபுவென்று கொதித்தது. மேலே அமுக்குகிற காற்று குறைந்தால் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது. ஓசூர் நம்மைவிட உயரம், கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர். அங்கே தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் நடப்பது இதற்கு நேர் எதிர். வெந்நீர் வேலை பெரியவர்கள் கையால் மட்டும் செய்ய வேண்டியது, பிள்ளைகள் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

ரப்பர் கப் பத்து கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறது. சுண்ணாம்புச் சுவரில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. சமையலறை டைல்ஸில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு அமுக்கினால் நிற்கிறது. இரண்டையும் முகத்தோடு முகம் அமுக்கிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள், வரவில்லை. 1650களில் ஜெர்மனியில் ஓட்டோ வான் கெரிக்கே என்பவர் இதையே இரண்டு பெரிய செம்புக் கிண்ணங்களை வைத்துச் செய்தார். உள்ளே இருந்த காற்றை பம்பு போட்டு எடுத்துவிட்டு, பக்கத்துக்கு எட்டுக் குதிரை பூட்டி இழுக்க வைத்தார்.

இனி கையேடு. இதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஸ்ட்ரா சோதனைக்குக் கீழே 'வெற்றிடம் பானத்தை மேலே இழுக்கிறது' என்று அச்சடித்திருக்கிறார்கள். வெற்றிடத்துக்கு எதையும் இழுக்கத் தெரியாது. வெளியே இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. இது வெறும் வார்த்தைக் குற்றம் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு விவசாயியின் ஒருநாள் பாய்ச்சலை நான் கெடுத்திருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் பென்னாகரம் பக்கம் ஒரு கிணறு. புது மோட்டார், அஞ்சு எச்.பி. கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வும் புதுசு. சக்‌ஷன் பைப்பில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிப் பைப்பை நிரப்பி (பிரைமிங் என்போம்) ஓட்டுகிறேன், மேலே வரவே இல்லை. தண்டுப் பக்கம் கசிவை அடைக்கும் கிளாண்டு கயிறு மாற்றினேன், ஃபுட்வால்வைக் கழற்றி வேறு போட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது. தோட்டக்காரப் பெரியவர் தக்காளி நாற்றைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். மறுநாள் காலையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வந்தார். மோட்டாரைத் தொடவே இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளந்தார்.

"தண்ணி முப்பத்தஞ்சு அடில கெடக்குது. நீ மேல உக்காந்து என்னா பண்ணாலும் வராது. மோட்டார எறக்கு."

பதினைந்து அடி கீழே இருந்த திண்டுக்கு இறக்கிப் போட்டதும் பைப்பு நிறையத் தண்ணீர் கொட்டியது.

மோட்டார் செய்வது பைப்புக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டும்தான். கிணற்றுத் தண்ணீர் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று தன் கனத்தால் தண்ணீரைப் பைப்புக்குள் ஏற்றிவிடுகிறது. அந்தக் காற்றின் பலம் கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ. அதனால் தூக்க முடிந்தது 10.3 மீட்டர் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட 34 அடி. நம் ஊர் உயரத்துக்கு இன்னும் கொஞ்சம் குறையும். பைப்பின் உராய்வு எல்லாம் போக 22, 25 அடிக்கு மேல் நம்பக் கூடாது. ஒரு எச்.பி. போட்டாலும் பத்து எச்.பி. போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. சப்மெர்சிபிள் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்து கீழிருந்து தள்ளுவதால்தான் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துப் போரிலும் ஓடுகிறது. இதே சிக்கல் நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் பம்பு செய்தவர்களுக்கும் வந்தது. டாரிசெல்லி என்பவர் 1643இல் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை வைத்துப் பார்த்தார். அது 76 சென்டிமீட்டரில் நின்றுவிட்டது. 76ஐ 13.6ஆல் பெருக்கிப் பாருங்கள், நம் கிணற்றுக் கணக்கு வந்துவிடும். இதை மகள் நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே எத்தனை பெட்டி வேண்டுமானாலும் வாங்கலாம்.

காற்று தள்ளுகிறது என்று சின்னப் பிள்ளைக்குக் காட்ட ஒரு வழி சொல்கிறேன், செலவே இல்லை. காலித் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் எம்சீல் வைத்து ஒருநாள் காயவிட்டேன். பாட்டில் கெட்டியானதாக இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் உள்ளே ஒடுங்கிக்கொடுத்து ஏமாற்றிவிடும். கழுத்து வரை மோர் ஊற்றி மூடி மகனிடம் கொடுத்தேன். முதலில் ஒரு வாய் வந்தது. அப்புறம் கன்னம் குழி விழ உறிஞ்சுகிறான், வரவில்லை. "ஸ்ட்ரா அடைச்சிக்கிச்சுப்பா" என்றான். மூடியில் குண்டூசியால் ஒரு குத்து. மோர் மறுபடி ஏறியது. விரலால் ஓட்டையை மூடினால் நின்றது, எடுத்தால் வந்தது. மோர் முழுக்கத் தீரும்வரை மூடித் திறந்து மூடித் திறந்து குடித்தான். அவனுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மெழுகுவர்த்திப் பக்கம்தான் மோசம். தட்டில் மஞ்சள் கலந்த தண்ணீர், நடுவில் எரியும் மெழுகு, மேலே டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும். மெழுகு ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகிறது, காலியான ஐந்தில் ஒரு பங்கு இடத்துக்குத் தண்ணீர் போகிறது என்று கையேடு சொல்கிறது. இந்த விளக்கத்தை நானும் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவன்தான். மகள் மூன்றாவது தடவை செய்யும்போது நிறுத்திவிட்டாள்.

"அப்பா, எரியும்போது ஏறலியே. அணைஞ்ச பிறகுதான ஏறுது?"

மறுபடி உற்றுப் பார்த்தோம். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வெளியே போகிறது. சுடர் சுருங்குகிறது, தண்ணீர் அப்படியே இருக்கிறது. புகை கிளம்பிய நொடியில்தான் விறுவிறுவென்று ஏறுகிறது. அடுத்து ஒரு மெழுகுக்குப் பதில் மூன்றை ஏற்றினோம். தண்ணீர் முன்னைவிட நன்றாகவே மேலே வந்தது. டம்ளர் அதே டம்ளர், ஆக்ஸிஜனும் அதே ஆக்ஸிஜன், பிறகு எப்படிக் கூடும்? கடைசியாக மெழுகே இல்லாமல், டம்ளரை வெந்நீரில் நன்றாகச் சூடாக்கிக் கவிழ்த்தோம். அப்போதும் ஏறியது.

சூட்டில் விரிந்த காற்றில் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மீதி குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரைத் தள்ளி ஏற்றுகிறது. ஆக்ஸிஜன் எங்கும் காணாமல் போவதில்லை, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறுகிறது. அது முழுக்கத் தீரும் முன்பே சுடர் அணைந்தும் விடுகிறது. பிள்ளை கண்ணால் பார்ப்பதற்கு எதிரான ஒன்றை அச்சடித்துக் கொடுத்தால், அது தன் கண்ணை நம்பாமல் அச்சைத்தான் நம்பும். எனக்கு இதில்தான் ஆத்திரம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து விற்றவர்களுக்கு அனுப்பினேன். 'நன்றி, கவனிக்கிறோம்' என்று பதில் வந்தது. மூன்று வாரம் ஆகிறது, விற்பனைப் படத்தில் இன்னும் அதே பக்கம் இருக்கிறது.

கையேட்டில் இல்லாத இன்னொன்று, எங்கள் வீட்டு ஆயாவுக்கே பிடித்தது. காலியான 15 கிலோ எண்ணெய் டின்னில் இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு, மூடியைத் திறந்தே வைத்து, ஆவி நன்றாக வரும்வரை விறகடுப்பில் கொதிக்கவிட்டேன். இறக்கி வைத்த பிறகுதான் மூடியை இறுக்கினேன். மூடிய டின்னை அடுப்பில் வைக்கவே கூடாது, வெடிக்கும். மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றியதும் டின் 'டொம்' என்று நான்கு பக்கமும் ஒடுங்கியது. ஒரு பக்கம் 23க்கு 35 சென்டிமீட்டர். உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டால் அந்த ஒரு பக்கத்தின் மேல் மட்டும் முக்கால் டன்னுக்கு மேல் அழுத்தம் விழும்.

"பேய் அமுக்கின மாதிரி இருக்குதுடா" என்றார் ஆயா.

"பேய் இல்ல ஆயா, காத்து" என்றான் மகன்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். குடுவை, சிரிஞ்சு இரண்டுக்கும் சேர்த்து அந்த மூன்று. கையேட்டுக்கு ஒன்றும் இல்லை. வாங்கினால் பெரியவர் ஒருவர் கூட உட்காருங்கள், மெழுகுவர்த்திப் பக்கத்தைப் படிக்கச் சொல்லாமல் முதலில் செய்யச் சொல்லுங்கள். ஆறாவதுக்குக் கீழே படிக்கும் பிள்ளைக்குப் பெட்டியே வேண்டாம், பாட்டிலும் மோரும் போதும்.

பம்பும் குடுவையும் சேருகிற இடத்தில் பத்து நாளில் காற்று கசிய ஆரம்பித்தது. பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்டியூப்பை ஒரு இன்ச் வெட்டி, உள்ளே துளி கிரீஸ் தடவி அந்த முனையில் ஏற்றிவிட்டேன். இப்போது கசிவு இல்லை.