போர் எச்சங்கள் அருங்காட்சியகம், ஹோ சி மின் நகரம்: அரை நாளாவது ஒதுக்குங்கள்

காரைக்குடியில் இருபது வருடமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்கள்தான் பிழைப்பு. போன தை மாதம் குழுவோடு வியட்நாம் போயிருந்தேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ஹோ சி மின் நகரத்தைச் சைகோன் என்றுதான் சொல்வார்கள். கூட்டிப்போன பயண நிறுவனம் இந்த அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். முற்றத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கும் டாங்கிக்கும் முன்னால் எல்லோரும் படம் எடுத்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையில், அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே திரும்பப் போனேன். மதியம் வரை இருந்தேன்.

நுழைவுக் கட்டணம் 40,000 டாங். நம் பணத்தில் 150 ரூபாய்க்குள்தான்.

முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். 1975 செப்டம்பரில் திறந்தபோது பெயரிலேயே அமெரிக்காவின் குற்றங்கள் என்று இருந்தது. 1990இல் அமெரிக்கா என்ற சொல்லை எடுத்தார்கள். 1995இல், இரண்டு நாடுகளும் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்ட வருடம், குற்றம் என்ற சொல்லும் போய்ப் ‘போர் எச்சங்கள்’ ஆனது. பலகையில்தான் மாற்றம். உள்ளே இருக்கும் படங்கள் எதையும் மறைக்கவில்லை.

கீழ்த்தளத்தில் உலக நாடுகள் வியட்நாமுக்குத் துணை நின்றதைக் காட்டும் கூடம் இருக்கிறது. பலர் இதை நிற்காமல் கடந்து போகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். வெவ்வேறு மொழிகளில் சுவரொட்டிகள், ஊர்வலப் படங்கள். அமெரிக்கர்களே தங்கள் அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய படங்களும் உண்டு. கல்கத்தாவில் அந்தக் காலத்தில் ‘உன் பெயர் வியட்நாம், என் பெயர் வியட்நாம்’ என்று கோஷம் போட்டார்கள்; அமெரிக்கத் தூதரக அலுவலகம் இருந்த தெருவுக்கே வியட்நாம் தலைவர் ஹோ சி மின் பெயரை வைத்தார்கள். அது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. ஒரு வல்லரசு தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டாலும், குண்டு விழுந்த பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேறாகத்தான் தெரிந்திருக்கிறது. 1945இல் ஹோ சி மின் தன் சுதந்திரப் பிரகடனத்தை அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வரிகளைக் கொண்டுதான் தொடங்கினார். அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த தேசம் அது.

மாடியில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற நச்சுக் களைக்கொல்லியைப் பற்றிய அறை. 1961 முதல் 1971 வரை அமெரிக்கப் படைகள் காடுகள் மேலும் வயல்கள் மேலும் ஏழு கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி தெளித்தன. அதன் விளைவை உடம்பில் சுமக்கும் பிள்ளைகளின் படங்கள் அங்கே இருக்கின்றன. என்னால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை. சின்னக் குழந்தைகளை அந்த அறைக்குக் கூட்டிப்போகாதீர்கள்.

நான் அதிக நேரம் இருந்தது ‘ரெக்வியம்’ கூடத்தில். போரைப் படமெடுக்கப் போய் உயிரை விட்ட புகைப்படக்காரர்களின் படங்கள், எந்தத் தரப்பு என்று பிரிக்காமல். உயிர் தப்பிய டிம் பேஜும் ஹார்ஸ்ட் ஃபாஸும் தொகுத்தவை. 1954இல் கண்ணிவெடியில் இறந்த ராபர்ட் காபா, 1971இல் லாவோஸ் மேலே சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டரில் இறந்த லாரி பர்ரோஸ், ஹென்றி ஹூயே. பக்கத்திலேயே வடக்கு வியட்நாம்காரர்கள். பர்ரோஸின் வண்ணப் படங்களில் சேறும் ரத்தமும் ஒரே நிறமாகக் கிடக்கின்றன. லைட்டைச் சரிசெய்து மணமகளைச் சிரிக்கச் சொல்லும் என் வேலையை நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். 1968இல் ஹியூ நகரத்தில் கம்யூனிஸ்ட் படைகள் பொதுமக்களைக் கொன்றது இங்கே பேசப்படவில்லை. அதே வருடம் அமெரிக்கச் சிப்பாய்கள் கிராமத்து மக்களைக் கொன்ற மை லாய் படுகொலைக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர்கள் அதற்கும் ஒரு சுவர் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்திருந்தால் மற்ற சுவர்களை இன்னும் அதிகம் பேர் நம்புவார்கள்.

முதல் நாள் எங்களோடு வந்த உள்ளூர் வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வியட்நாம் போர் என்று நான் சொன்னதும், “நாங்கள் அமெரிக்கப் போர் என்போம் சார்” என்று திருத்தினான். தாத்தா அதில் சண்டை போட்டவராம். அப்புறம், தங்கையை மேல்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பப் பணம் சேர்ப்பதாகவும் சொன்னான். அவன் மட்டுமில்லை, 2017இல் பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் கேட்டபோது வியட்நாமியரில் 84 சதவீதம் பேர் அமெரிக்காவைப் பற்றி நல்ல எண்ணம் சொன்னார்கள். மறந்துவிட்டார்களா என்று கேட்டேன். “மறந்தால் இதைத் திறந்து வைத்திருப்போமா?” என்றான்.

ஒரு கண்ணாடிப் பெட்டியில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் திருப்பிக் கொடுத்த பதக்கங்கள் இருக்கின்றன. கூடவே, ஒன்றுபட்ட வியட்நாம் மக்களுக்கு என்று தொடங்கி, ‘நான் செய்தது தவறு, மன்னியுங்கள்’ என்று ஒரு வரி. நான் போனபோது அதன் முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. அவர் நகரும் வரை காத்திருந்துவிட்டு நானும் போய் நின்றேன்.