பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையும் எங்கள் வீட்டுக் கோடையும்

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் ஓட்டலைப் பற்றி எழுதுவார்கள். 2025 கோடையில் நாங்கள் திரும்பத் திரும்பப் போன இடம் ஒரு ஜெராக்ஸ் கடை. மகள் பிளஸ் டூ முடித்தவள், மகன் பத்தாம் வகுப்பு முடித்தவன். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் ரிசல்ட் என்றால் விடுமுறை எப்படி இருக்கும் என்று அந்த மாதிரிப் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். இனி வரும் வருடம் அப்படி மாட்டப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கடை பாளை தெற்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கடையின் பெயரை இங்கே போடவில்லை. போடலாமா என்று கடைக்கார அண்ணாச்சியிடம் கேட்டேன். "வேண்டாம் தங்கச்சி, மே மாசத்துக் கூட்டமே இங்க தாங்கல" என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். பள்ளிக்கூடங்கள் அவ்வளவு. பள்ளிக்கூடம் இருக்கிற தெருவெல்லாம் ஜெராக்ஸ் கடையும் இருக்கும். அதனால் போட்டிக்குக் குறைவில்லை, விலையும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே கறுப்பு வெள்ளை ஒரு பக்கம் 2 ரூபாய், முன்பின் 3, கலர் 10, ஸ்கேன் ஒரு தாளுக்கு 10, பாஸ்போர்ட் போட்டோ எட்டு எடுத்தால் 60. பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தைக் கூட இருந்து போட்டுக் கொடுக்க 100 ரூபாய். அரசுக் கட்டணம் 500 ரூபாய் தனி. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அது 250.

அந்த 100 ரூபாய் வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அதற்கு முந்தின வருடம் வேறொரு கடையில் விண்ணப்பம் போட்டார்கள். அங்கே இருந்த பையன் மடமடவென்று தானே அடித்து முடித்துவிட்டான். செல்போன் எண் கேட்ட இடத்தில் தன்னுடையதையே போட்டிருக்கிறான், இமெயிலும் கடையுடையது. பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் அந்தப் பெண்ணின் அப்பா கடைக்கு ஓட வேண்டியதாயிற்று. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் நேரத்தில் கடை பூட்டியிருந்தது. அந்தக் கதையைக் கேட்டுப் பயந்துதான் நான் நல்ல கடையாகத் தேட ஆரம்பித்தேன்.

இந்த அண்ணாச்சி முதலில் செய்தது, தன் நாற்காலியை விட்டு எழுந்தது. "நீ உட்காரு பாப்பா. படிக்கப் போறது நீதானே" என்றார். மகள் காலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகிறாள், ஜூனியர் கிரேடு. விரல் ஓடும். இருந்தாலும் கடைக்காரரின் நாற்காலியில் உட்காரக் கூச்சப்பட்டாள். பாஸ்வேர்டு போடும்போது அவர் திரும்பி நின்றுகொண்டார். அதை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார், கடை நோட்டில் இல்லை, அவள் நோட்டில். இமெயில் அவளுடையது, எண் என்னுடையது.

நான் பின்னால் நின்று ஒவ்வொரு கட்டத்துக்கும் வாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். "அப்பா பேருக்கு முன்னாடி இனிஷியல் போட்டியா? பின்கோடு பார்த்துப் போடு. அது என்ன, ஏன் அதைத் தொடுற?" மகள் பல்லைக் கடித்தாள். அவளுக்குப் பதினேழு. அந்த வயதுக்காரிகள் பல்லைக் கடிக்கும் சத்தம் தாய்மாருக்குத் தனியாகக் கேட்கும். அண்ணாச்சிக்கும் கேட்டிருக்க வேண்டும். "தங்கச்சி, நீங்க எதுத்தாப்புல போய் ஒரு நன்னாரி சர்பத் குடிச்சிட்டு வாங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் வெளியே அனுப்பினார். போனேன். பாதி டம்ளரில் மகளிடமிருந்து போன்: "எம்மா, உனக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு." சர்பத் கடையில் நின்று ஆறு எண்களைச் சத்தமாக வாசித்தேன். இந்தக் கோடையில் அவள் என்னிடம் கத்தாமல் கேட்டு வாங்கிக்கொண்டவற்றில் அதுவும் ஒன்று.

இரண்டாவது விஷயம், தேவையில்லாததைத் தேவையில்லை என்று சொல்கிறார். நான் இருப்பிடச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் போகப் புறப்பட்டிருந்தேன். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்கு அது வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். 60 ரூபாயும், விஏஓ அலுவலகத்துக்கு ஒரு நடையும் மிச்சம். ஆனால் சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும் என்று ரிசல்ட்டுக்கு முந்தின மாதமே சொல்லி அனுப்பியிருந்தார். ரிசல்ட் வந்தபிறகு ஊரே அதற்கு விண்ணப்பிக்கும், தாமதமாகும் என்று காரணமும் சொன்னார். மே 7 அன்று விண்ணப்பம் திறந்தது, 8 அன்று பிளஸ் டூ ரிசல்ட். எங்களிடம் எல்லாம் தயாராக இருந்தது.

முதல் பட்டதாரி சான்றிதழ் எங்கள் வீட்டில் ஒரு சண்டையைக் கிளப்பியது. என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், பத்தாவது. நான் பிளஸ் டூ, வீட்டில் தையல். இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆக, மகள்தான் முதல் பட்டதாரி, படிப்புக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். உறுதிமொழிப் படிவத்தை ஸ்கேன் செய்யும்போதுதான் மகன் அதைப் படித்தான். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். "அப்போ எனக்கு?" என்றான். "நீ இரண்டாவது பட்டதாரி" என்றாள் இவள். "நான் பாலிடெக்னிக் போறேன், எனக்கு உங்க பட்டமே வேண்டாம்" என்று அவன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவனுக்கு இரண்டு வருடம் கழித்துக் கட்டப்போகும் பணம் கண்ணில் ஓடியது.

அண்ணாச்சி அவனிடம் பேசிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பாலிடெக்னிக் போனால் மூன்று வருட டிப்ளமோ, அதை முடித்தவன் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், ஆனால் மருத்துவம் பக்கமோ பி.காம் பக்கமோ போகிற எண்ணம் இருந்தால் பிளஸ் ஒன்தான் சரி என்று ஒரு பழைய பேப்பரின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். அறிவுரை என்று ஒன்றும் இல்லை. அவனும் கேட்டான். இதையேதான் நான் வீட்டில் மிஷினில் உட்கார்ந்துகொண்டே சொல்லியிருந்தேன், அப்போது காதில் இயர்போன் இருந்தது.

மே மாதம் எனக்கு முகூர்த்த மாதம். வைகாசிக் கல்யாணங்களுக்கு ஜாக்கெட் குவியும். மகன் விடியற்காலையில் வ.உ.சி. மைதானத்துக்குக் கிரிக்கெட் ஆடப் போவான், எட்டு மணிக்கு வந்து மோர் குடித்துவிட்டுப் படுப்பான். மகள் டைப்ரைட்டிங் முடித்து வருவாள். பதினோரு மணிக்குமேல் அக்னி நட்சத்திர வெயிலில் யாரும் வெளியே கால் வைக்க முடியாது. வீட்டுக்குள் ஒரு ஃபேன், மூன்று பேர், இரண்டு போன். அதனால் கடைக்கு ஒரு வேலை வந்தால் பிள்ளைகள் இரண்டும் போட்டி போட்டுக் கிளம்பின. ஏசி இல்லாவிட்டாலும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். மகளின் வகுப்புக்காரிகள் நாலைந்து பேர் ஏதாவது ஒரு நகலோடு அங்கே நிற்பார்கள். பொறியியல் சேர்க்கைக்கான கட்ஆஃப் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதுதான் பேச்சு. கணிதம் நூறு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது, மொத்தம் 200. ஒருத்தி 178.5 என்றால் இன்னொருத்தி முகம் மாறும். அந்த வாசலில் நின்றே எங்கள் தெருவில் எந்தப் பெண் எந்தக் கல்லூரி என்று தெரிந்துகொண்டேன்.

மகன் அங்கே ஸ்கேன் செய்த படத்தை ஓரம் வெட்டி அளவு குறைக்கக் கற்றுக்கொண்டான். அளவு கூடினால் விண்ணப்பத்தில் ஏறாது. இப்போது சொந்தக்காரர் வீட்டில் யாருக்காவது சான்றிதழ் ஏற்ற வேண்டும் என்றால் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ரொம்பப் பெரிய ஆள் மாதிரி, "ஒரிஜினலை ஃபிளாட்டா வைங்க அத்தை, நிழல் விழக்கூடாது" என்கிறான்.

லேமினேஷன் விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். மதிப்பெண் சான்றிதழ் கையில் வந்ததும் லேமினேட் செய்துவிடலாம் என்று கொண்டுபோனேன். அண்ணாச்சி முடியாது என்றார். 30 ரூபாய் வருமானத்தை வேண்டாம் என்கிறாரே என்று பார்த்தால், "நாளைக்கு பின்னாடி யாராவது சீல் வைக்கணும்னா எங்க வைப்பாங்க? பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு வைங்க" என்றார். 15 ரூபாய் ஃபைலோடு திரும்பினேன்.

சரி, குறைகள்.

போட்டோ. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குக் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்குவதில் தனி ஆசை. மகள் மாநிறம். வந்த படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தாள். "இது நான் இல்ல" என்று வாங்க மறுத்துவிட்டாள். நான் பரவாயில்லை விடு என்றேன், நாலு பேர் பார்க்கிற படம்தானே என்று. அவள் விடவில்லை. பழையபடி மாற்றி எடுத்துக் கொடுத்தார்கள், கூடுதல் காசு கேட்கவில்லை. ஆனால் நீங்கள் போனால் முதலிலேயே "வெளுப்பாக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

உட்கார இடமே கிடையாது. விண்ணப்பம் போடுகிற பிள்ளைக்கு நாற்காலி உண்டு, கூட வந்த அம்மாவும் பாட்டியும் படியில்தான். மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கினால் நாலரைக்குத்தான் ஏறும். கடைசி நாள் நெருங்கும்போதும் அதே நேரம்தான், சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுக்கொடுக்க மாட்டார். கலர் பிரிண்ட் சுமார். சிவப்பு கொஞ்சம் ஆரஞ்சாக வரும், புராஜெக்டுக்குப் பரவாயில்லை, கல்யாணப் பத்திரிகைக்கு ஆகாது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பமும் போடலாம். அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான், மகளுக்கு ஒரு பாதுகாப்புக்காக அதையும் போட்டு திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியைக் குறித்து வைத்தோம். ஆனால் கூட்ட நாளில் இந்தச் சின்ன விண்ணப்பங்களுக்கு முறை வர ரொம்ப நேரம் ஆகிறது.

கல்லூரி போகும் பெண்களுக்கு அரசு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டத்தைப் பற்றியும் அங்கே ஒட்டியிருந்த தாளில்தான் பார்த்தேன். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இப்போது மாதம் 1000 ரூபாய் உண்டு. மகள் அந்த வகைதான். கல்லூரியில் சேர்ந்தபிறகு அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கடைக்கு வர வேண்டியதில்லை என்று அதே தாளில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். தன் கடைக்கு வராதீர்கள் என்று எழுதி ஒட்டும் கடைக்காரரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஜூன் 11 அன்று ரேண்டம் எண் வந்தது. பத்து இலக்கம். மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் இருவருக்கும் ஒன்றாகவே இருந்தால்தான் அதைப் பார்ப்பார்கள். இது தெரியாமல் என் மாமியார் அதை லாட்டரிச் சீட்டு மாதிரி பூஜை அறையில் வைக்கச் சொன்னார். வைத்தோம், அவருக்கு ஒரு திருப்தி. அடுத்து தரவரிசை, அதன் பிறகு கல்லூரி வரிசை. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியை முதலில் போடுவதா, வெளியூரை முதலில் போடுவதா என்று இதை எழுதும்வரை வீட்டில் முடிவாகவில்லை. வெளியூர் என்பது மகளின் கட்சி. எது வேண்டுமோ அதை மேலே போட வேண்டும், கிடைக்குமோ கிடைக்காதோ என்று கணக்குப் போட்டுக் கீழே தள்ளக்கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். அதில் அவள் கட்சிக்குப் பலம் கூடிவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கடைமீது கோபம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். போகிறவர்கள் காலை ஒன்பதரைக்குள் போங்கள், அப்போது கூட்டம் இருக்காது. ஞாயிறு பாதி நாள் உண்டு. மின்தடை அறிவிப்பு உள்ள நாளில் போகாதீர்கள், அங்கே இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டும்தான். விண்ணப்பம் போடுவதானால் பிள்ளையை அழைத்துப் போங்கள், அது இல்லாமல் போனால் அண்ணாச்சி திருப்பி அனுப்பிவிடுவார். ஓடிபி வருகிற போனில் சார்ஜ் இருக்கட்டும். சர்பத் 20 ரூபாய், எலுமிச்சை சேர்த்துக் கேளுங்கள்.