எக்ஸ்-பிளேன் 12: குறுக்குக்காற்றுப் பிரியர்கள் தாராளமாக வாங்கலாம்

பெரிய ஜெட்டைப் பலத்த குறுக்குக்காற்றில் (ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் அடிக்கும் காற்று) இறக்கிப் பார்க்க ஆசையா, விமானம் ஓட்டும் இந்தக் கணினி விளையாட்டை வாங்குங்கள், ஏர்பஸ் ஏ330 பயணிகள் விமானம் கூடவே வருகிறது, தனிக்காசு வேண்டாம். நம்ம புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1500 மீட்டர்தான், பத்தாது. ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக்குக்குப் போங்கள். 2006-இல் ஏர்பஸ் தன் ஏ380-ஐக் குறுக்குக்காற்றில் சோதித்த இடம் அது; சுமார் 3 கிலோமீட்டர் நீள ஓடுபாதைகள் இரண்டு குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால், காற்று எப்படி அடித்தாலும் ஏதாவது ஒன்றில் பக்கவாட்டில்தான் அடிக்கும்.

30 நாட் (மணிக்குச் சுமார் 55 கி.மீ.) காற்று வைத்துப் பாருங்கள். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு விமானம் நண்டு மாதிரி வரும், சக்கரம் தரையைத் தொடச் சற்று முன் ரட்டரை (வாலில் உள்ள சுக்கான்) மிதித்து நேராக்கினால் காற்றுப் பக்க இறக்கை எழும்பப் பார்க்கும், அதை எயிலரானால் (இறக்கை ஓரத்து அசையும் மடல்) அமுக்க வேண்டும், ரொம்ப அமுக்கினாலோ எஞ்சின் தரையில் உரசிவிடும். இந்தச் சில வினாடிகளுக்காகவே காசு கொடுக்கலாம்!

ஜாய்ஸ்டிக்கில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நேரு வீதியில் நான் வாங்கிய மலிவுச் சரக்கு, ரட்டருக்காக முறுக்கிவிட்டால் நடுவுக்குத் திரும்புவதே இல்லை. ரட்டர் பெடல் வாங்கிவிடுங்கள். அப்புறம், சாதாரண லேப்டாப்பில் திணறும், இலவச டெமோவை முதலில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.