அமளியா, ஆரவாரமா?

இரண்டும் சத்தம்தான், ஆனால் இடம் மாற்றிப் போட்டால் செய்தியே மாறிவிடும். ‘உறுப்பினர்கள் அமளியில் ஈடுபட்டதால் அவை ஒத்திவைக்கப்பட்டது’ என்றால் கூச்சல், குழப்பம், வேலை நின்றுபோனது எல்லாம் அதில் அடங்கும். அங்கே ‘ஆரவாரம்’ என்று எழுதினால், ஏதோ மேசையைத் தட்டி வரவேற்றார்கள் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைப்பார். சிக்ஸர் பறந்ததும் எழுவது ஆரவாரம். நடுவரின் தீர்ப்பை ஏற்காமல் மைதானத்துக்குள் இறங்கினால் அது அமளி.

இலக்கணத்திலும் வேறுபாடு உண்டு. ‘ஆரவாரித்தனர்’ என்று நேரே வினையாக்கலாம். ‘அமளித்தனர்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘செய்தனர்’, ‘ஈடுபட்டனர்’ போன்ற துணை வேண்டும். கடலும் அருவியும் ஆரவாரிக்கும். அமளிக்குப் பெரும்பாலும் ஆட்கள் தேவை.

‘ஆரவாரமில்லாத மனிதர்’ என்பதில் சத்தத்தைப் பற்றிய பேச்சே இல்லை, பகட்டில்லாதவர் என்று பொருள்.

அமளிக்கும் ஒரு நல்ல முகம் உண்டு: கல்யாண வீடு ‘அமளிதுமளிப்படுகிறது’ என்றால் குறையில்லை, களைகட்டியிருக்கிறது. இந்தத் ‘துமளி’ இன்று தனியே வழங்குவதில்லை. பழைய செய்யுளில் ‘அமளி’ வந்தால் மட்டும் நிதானியுங்கள். அங்கே அது படுக்கையாகவும் இருக்கலாம்.