கிரனாடாவில் 'கேஸ் செக்கிங்' என்று யாராவது வந்தால் கதவைத் திறக்காதீர்கள்

ஸ்பெயினுக்குப் படிக்க வருகிறவர்கள், அதிலும் கிரனாடா மாதிரி பழைய கட்டடங்கள் நிறைந்த ஊரில் அறை எடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு வாருங்கள். கேஸ் இணைப்பைச் சோதிக்க வந்திருக்கிறேன் என்று வாசலில் நிற்கிற ஆளை உள்ளே விடாதீர்கள். யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் சரி, கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலும் சரி. என்னிடம் கால்மணி நேர வேலைக்கு 187 யூரோ வாங்கிக்கொண்டு போனார்கள். என் அறை வாடகையே மாதம் 280தான்.

வீட்டுப் படத்தைக் காட்டி முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடும் வாடகை மோசடியைப் பற்றி எல்லாரும் எச்சரிக்கிறார்கள். விமானம் ஏறுவதற்கு முன்பே எனக்கு அது மனப்பாடம். இந்த கேஸ் சமாச்சாரத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும் ஸ்பெயின் முழுக்க இது பல வருடங்களாக நடக்கிறது. அவர்கள் குறிவைப்பது இரண்டு பேரைத்தான்: தனியாக இருக்கும் வயதானவர்கள், புதிதாக வந்த வெளிநாட்டுக்காரர்கள்.

முதலில் இங்குள்ள ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகள் பலவற்றில் குழாய் கேஸ் கிடையாது. நம் ஊர் மாதிரியே சிலிண்டர்தான். நிறம் ஆரஞ்சு, உள்ளே 12.5 கிலோ பியூட்டேன். அடுப்பு எரிவதும் அதில்தான், குளிக்க வெந்நீர் வருவதும் அதில்தான். கிரனாடா தெற்கே இருப்பதால் வெயில் ஊர் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். சியெரா நெவாடா மலையடிவாரம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். வெந்நீர் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. சிலிண்டர்காரர் வண்டியில் வந்து தெருவில் நின்று "புத்தானோ!" என்று நீட்டிக் குரல் கொடுப்பார். ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கைகாட்டினால் லிஃப்ட் இல்லாத நான்காவது மாடிக்கும் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். விலையை அரசாங்கமே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது என்பதால் அதில் யாரும் ஏமாற்றுவதில்லை. ஆக, கேஸ் என்று சொல்லி ஒருவர் மாடியேறி வருவது இந்த ஊரில் அன்றாட விஷயம். ஏமாற்றுகிறவர்களுக்கு இதைவிட வசதியான வேஷம் கிடைக்காது.

எங்கள் கட்டடத்தின் கீழ்வாசலில் முந்தின நாளே ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கட்டாய கேஸ் பரிசோதனை, நாளை 10 மணி முதல் 2 மணி வரை, குடியிருப்போர் வீட்டில் இருக்கவும். மூலையில் நீலச் சுடர் படம். கம்பெனி பெயர் கீழே பொடி எழுத்தில். பார்க்கிற யாரும் கேஸ் கம்பெனியோ நகராட்சியோ ஒட்டியது என்றுதான் நினைப்பார்கள். நாளும் பார்த்து வைத்திருக்கிறார்கள்: வெள்ளிக்கிழமை. வெள்ளியன்று ஸ்பானிஷ் மாணவர்கள் பாதிப்பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஞாயிறு இரவு அம்மா சமைத்துக் கொடுத்த டப்பாக்களோடு திரும்புவார்கள். எங்கள் வீட்டிலும் ஹயேன் ஊர்ப் பையன் காலையிலேயே பஸ் ஏறிவிட்டான். மெக்சிகோக்காரப் பெண்ணுக்கு வகுப்பு. வீட்டில் நான் மட்டும்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையாகப் பேசினார். கிரனாடா இருக்கும் அந்தலூசியாப் பகுதிக்காரர்கள் வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டுப் பேசுவார்கள். வகுப்பில் படித்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு பாதிதான் பிடிபடும். சமையலறைக்குப் போய் சிலிண்டரை இழுத்துப்போட்டு, டியூபை விரலால் மடித்து, மடிப்பில் தெரிந்த கோட்டை டார்ச் அடித்துக் காட்டினார். விரிசலாம். ரப்பரை அப்படி மடித்தால் புது டியூபிலும் கோடு தெரியும். அப்புறம் பையிலிருந்து ஒரு ஸ்ப்ரே எடுத்து ரெகுலேட்டர் இணைப்பில் அடித்தார். நுரை வந்தது. "பாருங்கள், கசிகிறது" என்றார். உண்மையில் கேஸ் கசிந்தால் அந்தத் திரவத்தில் குமிழி ஊதிக்கொண்டே இருக்கும். அடித்ததும் வருகிற நுரை ஸ்ப்ரேயின் நுரை, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்குவதற்குள் அவர் துணியால் துடைத்துவிட்டார்.

பிறகு மிரட்டல், அதுவும் சிரித்த முகத்தோடு. இப்போதே மாற்றாவிட்டால் சட்டப்படி நான் கேஸை மூடி சீல் வைக்க வேண்டும், வெந்நீர் வராது, திங்கள்கிழமைதான் மறுபடி வர முடியும் என்றார். டியூப், ரெகுலேட்டர், இரண்டு கிளாம்ப் மாற்றினார். டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார். கார்டு மெஷினை நீட்டினார். பழைய டியூபையும் ரெகுலேட்டரையும் பைக்குள் போட்டுக்கொண்டு, ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை என்று ஒரு சான்றிதழை அடுப்பு மேலே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நம்மவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து ஒன்று இருக்கிறது. நம் ஊரில் ஏஜென்சி ஆள் வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்ப்பதும், ஆரஞ்சு டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும், அதற்குக் காசு வாங்கி ரசீது கொடுப்பதும் பழக்கப்பட்ட விஷயம். இங்கேயும் டியூப் ஆரஞ்சு, இங்கேயும் ஐந்து வருடக் கணக்கு. ஐரோப்பாவில் சட்டதிட்டமெல்லாம் கறார் என்ற எண்ணம் வேறு. ஒரு பிரெஞ்சு மாணவன் சந்தேகப்படுகிற இடத்தில் நமக்கு எல்லாம் முறைப்படி நடக்கிற மாதிரியே தோன்றும்.

பில்லைப் பாருங்கள்: டியூப், ரெகுலேட்டர், கிளாம்ப், வந்துபோன செலவு, சான்றிதழ் கட்டணம், மேலே 21 சதவீத வரி. அதே டியூபும் ரெகுலேட்டரும் தெருமுனை ஹார்டுவேர் கடையில் சேர்த்தே முப்பது யூரோவைத் தாண்டாது. வீட்டுக்கார அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்பினேன். உடனே போன் செய்து கத்தினார், என்னை இல்லை, அவர்களை. போன கோடையில்தான் டியூபை மாற்றினாராம். கடை ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். இந்த டியூபின் மேலேயே காலாவதியாகும் வருடம் அச்சடித்திருக்கும். இதைப் படிக்கிறவர்கள் இப்போதே போய் உங்கள் வீட்டு டியூபில் அந்த வருடத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விதி என்னவென்று அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சிலிண்டர் இணைப்புக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு, பொய்யில்லை. ஆனால் அதற்கு ஆளைக் கூப்பிட வேண்டியது வீட்டுக்காரர். அங்கீகாரம் பெற்ற எந்த டெக்னீஷியனையும் கூப்பிடலாம். கூப்பிடாமல் யாரும் வரமாட்டார்கள். குழாய் கேஸ் என்றால் விநியோகக் கம்பெனி முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டு ஆளை அனுப்பும். அதற்கான கட்டணம் மாத பில்லில் ஏறும். சோதிக்க வருகிறவர் பழுது பார்க்கவும் மாட்டார், கையில் காசும் வாங்கமாட்டார். வாசலில் நின்று கார்டு மெஷினை நீட்டினாலே அது வேறு கோஷ்டி.

இதில் எரிச்சலான விஷயம், இவர்கள் முழுப் போலி இல்லை. என்னிடம் வந்தது பதிவு செய்த கம்பெனிதான், வேறு மாகாணத்தில் முகவரி. போலீஸில் சொன்னால், பொருளை மாட்டிவிட்டுப் பில் கொடுத்திருக்கிறார்கள், நுகர்வோர் அலுவலகத்துக்குப் போங்கள் என்கிறார்கள். சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து செய்த வியாபாரத்தை 30 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். முன்பு 14 நாளாக இருந்ததை 2022 மே மாதம் முதல் நீட்டியிருக்கிறார்கள். ஆனால் அவசர வேலைக்கு நாமே கூப்பிட்டிருந்தால் அந்த உரிமை இல்லை. டேப்லெட்டில் நான் போட்ட கையெழுத்துக்கு மேலே, "வாடிக்கையாளரின் வேண்டுகோளின் பேரில் அவசர வருகை" என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. மின்னஞ்சலில் நகல் வந்தபோதுதான் தெரிந்தது. திரையைக் கீழே தள்ளிக் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் காட்டியிருந்தார் அந்த மனிதர்.

நகராட்சியின் நுகர்வோர் அலுவலகத்துக்கு ஓமிக் என்று பெயர். சேவை இலவசம். ஆனால் இந்த ஊரில் அரசு அலுவலகங்களின் வேலை பெரும்பாலும் காலையில் மட்டும்தான். மதியம் 2 மணிக்கு மேல் போனால் பூட்டுதான். முன்பதிவும் வேண்டும். அங்கிருந்த அம்மையார் பில்லைப் பார்த்ததுமே பெருமூச்சு விட்டார், இந்த மாதிரிப் பில் அவருக்குப் புதிதில்லை. புகார்ப் படிவத்தை நிரப்பச் சொன்னார். அந்தலூசியாவில் கம்பெனி பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். தந்தார்கள்: "நீங்கள்தான் கூப்பிட்டீர்கள், கையெழுத்து இருக்கிறது." கீழ்வாசல் நோட்டீஸைப் படம் எடுத்திருந்தால் அந்தப் பதில் அங்கேயே உடைந்திருக்கும். அவர்கள் வேலை முடிந்து போகும்போதே அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவேளையாக இரண்டாவது மாடிப் பாட்டி, இவர்களுக்குக் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே திட்டி அனுப்பியவர், முந்தின நாளே நோட்டீஸைப் படம் எடுத்துப் பேத்திக்கு அனுப்பியிருந்தார். அதை இணைத்துப் புகாரைப் புதுப்பித்ததும் வந்துபோன செலவு என்று போட்ட 45 யூரோவைத் திருப்பினார்கள். மீதிக்கு இன்னும் இழுபறி. ஃபோரெக்ஸ் கார்டு கொடுத்த வங்கி, பின் நம்பர் போட்டிருக்கிறீர்கள், ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டது.

இதே ஜாடையில் இன்னொன்றும் நடக்கிறது. மின்சாரக் கம்பெனியிலிருந்து வருகிறோம், உங்கள் பில்லில் தள்ளுபடி வர வேண்டும், பில்லைக் காட்டுங்கள் என்பார்கள். காட்டாதீர்கள். பில்லில் 'ஈஎஸ்' என்று தொடங்கும் நீளமான இணைப்பு எண் இருக்கும். அதையும் உங்கள் பெயர், வங்கிக் கணக்கு எண்ணையும் வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுவார்கள். மின்சார, குழாய் கேஸ் ஒப்பந்தங்களை வீடு வீடாகப் போய் விற்பதை 2018இலேயே தடை செய்துவிட்டார்கள்.

கதீட்ரல் வாசலில் ரோஸ்மேரிக் கொத்தை நீட்டி, கையைப் பிடித்து ரேகை பார்த்துக் காசு கேட்கும் பெண்களைப் பற்றி ஊரே எச்சரிக்கும், அது ஐந்து யூரோ விஷயம். வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கான நேர ஒதுக்கீடும் இலவசம்தான். சில கடைகளில் அதைக் காசுக்கு விற்பார்கள். வாங்காதீர்கள். மற்றபடி ஊர் நல்ல ஊர். ஒரு டிரிங்க் வாங்கினால் கூடவே ஒரு தட்டு தின்பண்டம் இலவசமாக வரும். சைவம் என்று சொன்னால் சூரை மீன் வைத்துத் தருவார்கள், அது வேறு கதை.

சரி, யாராவது மணி அடித்தால் என்ன செய்வது? கதவைத் திறக்காமலே, வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். வீட்டுக்காரரின் நம்பரைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நிஜ ஆளாக இருந்தால் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தகவல் போயிருக்கும். உள்ளே நுழைந்துவிட்டுப் போக மறுத்தால் 091 போலீஸ், அல்லது 112. கீழ்வாசலில் நோட்டீஸ் பார்த்தால் அன்றே படம் எடுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் பில் தேதியிலிருந்து 30 நாளை எண்ணுங்கள். ரத்து செய்கிறேன் என்று அஞ்சலகத்திலிருந்து புரோஃபேக்ஸ் (சான்றோடு போகும் பதிவுக் கடிதம்) அனுப்புங்கள். செலவு கொஞ்சம் ஆகும், ஆனால் உள்ளே என்ன எழுதியிருந்தது என்பதற்கே சான்று கிடைக்கும். பில், கையெழுத்துப் போட்ட தாளின் நகல், கார்டு ரசீது, நோட்டீஸ் படம் நான்கையும் எடுத்துக்கொண்டு ஓமிக் போங்கள். எனக்கு அங்கே யாரிடமும் ஆங்கிலம் செல்லுபடியாகவில்லை, அதனால் ஸ்பானிஷ் நன்றாகப் பேசும் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.